வாக்கின் முன் சிறுமை: தாவீதின் வேண்டுதலும் தமிழின் பணிவுச் சொற்களும்

சாமுவேலின் இரண்டாம் நூல், ஏழாம் அதிகாரம் இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதியில் (1-17) கேதுரு மர மாளிகையில் வாழும் தாவீது, கடவுளின் பேழை கூடாரத்தில் இருப்பது கண்டு நெஞ்சு உறுத்தப் பெற்று, அதற்கொரு வீடு கட்ட விழைகிறான். நாத்தான் என்னும் இறைவாக்கினர் வாயிலாக அவ்விழைவு மறுக்கப்படுகிறது. மறுத்த வாக்கே, அவன் கேளாத ஒன்றை அவனுக்கு அளிக்கிறது: கடவுளுக்கு வீடு கட்ட நினைத்தவனுக்குக் கடவுள் வீடு கட்டுவார், அவ்வீடு என்றும் நிலைக்கும். இரண்டாம் பகுதி (18-29), இவ்வாக்கைக் கேட்ட அரசன் உள்ளே சென்று கடவுள் முன் அமர்ந்து சொல்லும் வேண்டுதல்.

இவ்வேண்டுதலைத் தாவீதின் தாழ்மைக் குணத்திற்குச் சான்றாகக் காட்டுவது விரிவுரையாளர் வழக்கம். பனுவலைக் கூர்ந்து நோக்கின் அவ்வழக்கம் முழுதும் பொருந்தவில்லை. அதிகாரத்தின் தொடக்கத்தில் தாவீது தாழ்மையுடையவனாகக் காட்டப்படவில்லை, கொடையாளனாகவே காட்டப்படுகிறான். பண்டை மேற்காசிய அரசர்கள் தெய்வங்களுக்குக் கோயில் எடுத்து, அதற்கு ஈடாக ஆட்சி நிலைபேற்றை வேண்டினர். அம்மரபின் வழியே அவனும் நடக்கிறான். கொடுப்பவன் யார், கொள்பவன் யார் என்பதை நாத்தானின் வாக்கு தலைகீழாக்கிய பின்னரே பணிவுச் சொற்கள் தொடங்குகின்றன. ஆகவே இங்குப் பணிவு ஒருவனின் இயல்பு அன்று. ஒரு வாக்கின் விளைவு. எபிரேய மூலத்தில் அது ஒரு நிகழ்ச்சியாகத் தென்படுகிறது. தமிழில் அந்நிகழ்ச்சி எந்த அளவு தென்படுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வினாவுக்குக் காரணம் தமிழின் அமைப்பு. எபிரேயத்தில் முன்னிலை ஆண்பால் ஒருமைக்கு 'அத்தா' என்னும் ஒரு பெயரே உண்டு. அடிமையை விளிக்கவும் அரசனை விளிக்கவும் கடவுளை விளிக்கவும் அதுவே போதும். தமிழிலோ நீ, நீர், நீங்கள், தேவரீர் எனப் படிகள் பல. பேசுவோன் தன்னைச் சுட்டவும் நான், அடியேன், அடியான் என வேறுபாடுகள் உண்டு. எனவே தமிழில் கடவுளை நோக்கிப் பேசத் தொடங்கிய உடனேயே பணிவு வந்துவிடுகிறது. வாக்கைக் கேட்பதற்கு முன்னும் பின்னும் பேசுவோனின் இலக்கணம் ஒன்றாகவே இருக்கும். மூலத்தில் நிகழ்ந்த மாற்றம், மொழிபெயர்ப்பில் முன்னரே விரித்த பாயாக மாறிவிடக் கூடும்.

தமிழ் விவிலிய மரபில் இவ்வதிகாரம் பல கைகள் பட்டது. சீகன்பால்கு 1719இல் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரையே அவர் மொழிபெயர்ப்பு எட்டியிருந்தது. எஞ்சியதை முடித்தவர் சூல்ட்சே. அதன்பின் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பும், அதன் நடையைப் பெரிதும் தழுவி 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் ஐக்கியத் திருப்புதலும் குறிப்பிடத்தக்கவை. சீர்திருத்தச் சபையார் இன்றும் ஓதுவது இவ்வைக்கியத் திருப்புதலையே. இங்குப் 'பழைய திருப்புதல்' எனப்படுவதும் அதுவே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' அதனோடு ஒப்பிடத்தக்கது.

மாத்திரையும் தகுதியும்

வேண்டுதலின் முதற்சொல் ஒரு வினா: 'மீ ஆனோக்கி'. சொல்லுக்குச் சொல் கொண்டால் 'யார் நான்' என்பது பொருள். இது தாவீது புதிதாகப் படைத்த தொடர் அன்று, அரசவை வாய்பாடு. 1935இல் லாகீசு அகழாய்வில் கிடைத்த ஓட்டெழுத்து மடல்களில், கீழ்நிலை அலுவலர் தம் தலைவர்க்கு எழுதுகையில் 'உம் அடியான் யார், ஒரு நாய்' என்ற கருத்தில் தம்மைச் சுட்டிக்கொள்கின்றனர். தாவீதே இவ்வாய்பாட்டை முன்னர் ஒருமுறை ஆண்டிருக்கிறான். சவுல் தன் மகளை அவனுக்கு மணம் செய்து தருவதாகச் சொல்லும்போது (1 சாமுவேல் 18:18) விடையாக வருவது இதே வினா. சவுலின் சொல்லுக்குள் வஞ்சம் இருந்தது. பெலிஸ்தரின் கையால் அவனை வீழ்த்துவதே அதன் உள்நோக்கம். வாய்பாடு அங்குத் தற்காப்பு. இரண்டு அதிகாரம் கடந்தால், யோனத்தானின் மகன் மெபிபோசேத்து தாவீதின் முன் விழுந்து, தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டு இதே வகையில் பேசுவான் (2 சாமுவேல் 9:8); அங்குத் தாவீது கொடுப்பவன். ஒரே வாய்பாட்டை ஏற்பவனாகவும் சொல்பவனாகவும் ஒருவனையே நிறுத்தும் இந்நூலின் கலை கவனத்திற்குரியது. ஏழாம் அதிகாரத்தில் நாய் இல்லை. தன்னை இழித்துரைக்கும் உவமை எதுவும் இல்லை. வினா மட்டும் நிற்கிறது.

பழைய திருப்புதல் இவ்விடத்தில் 'எம்மாத்திரம்' என்னும் சொல்லை ஆள்கிறது. இது 'யார்' என்பதன் மொழிபெயர்ப்பு அன்று. 'எவ்வளவு' என்னும் அளவு வினா. சொல்லளவில் பிழை என்று கூற வேண்டிய இது, ஆழ்ந்து பார்க்கின் அதிகாரத்தின் அமைப்பையே எட்டிப் பிடித்திருக்கிறது. ஏனெனில் வேண்டுதல் முழுவதும் சிறுமை, பெருமை என்னும் அளவுச் சொற்களின் மேல் கட்டப்பட்டது. அடுத்த வசனத்தில் (7:19) 'காத்தோன்' என்னும் வேரடியிலிருந்து ஒரு வினை வருகிறது. 'சிறிதாயிற்று' என்பது பொருள். சிறிதானது தாவீது அல்லன். ஆட்டு மந்தையின் பின்னிருந்து அவனை அழைத்து அரசனாக்கியது வரையிலான அத்தனை கொடைகளும், இனி வரப்போவதை நோக்கக் கடவுளின் கண்ணுக்குச் சிறிதாய்த் தோன்றின என்று அவன் வியக்கிறான். இருபத்தொன்றாம், இருபத்திரண்டாம் வசனங்களில் எதிர்ச்சொல்லான 'காதோல்', அதாவது பெரியது, என்பதன் வேரடி இருமுறை வருகிறது: செய்தது பெரிது; ஆதலால் செய்தவர் பெரியவர். கொடையின் அளவிலிருந்து கொடுத்தவரின் அளவுக்குச் செல்லும் இந்நடையே வேண்டுதலின் வியப்பு. 'மாத்திரை' என்னும் அளவுச் சொல்லின் உறவுடைய 'எம்மாத்திரம்' இந்நடைக்கு வாயிற்படியாகிறது.

இன்றைய மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்கு நெருங்கி 'யார்' என்றே எழுத விரும்பக்கூடும். அதில் ஓர் இடர் உண்டு. 'நான் யார்?' என்பது தமிழ் வாசகர்க்கு இரமண மகரிஷியின் சிறுநூற் பெயராகவே முதலில் நினைவுக்கு வரும். அது தன்னை நோக்கிய தத்துவ விசாரணை. தாவீதின் வினாவோ தன்னை விட்டு விலகிக் கொடையை நோக்கும் வினா. சொல் நெருங்க நெருங்கப் பொருள் அகலும் இடம் இது.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு தொடக்கநூலில் உண்டு. ஏசாவைச் சந்திக்க அஞ்சிய யாக்கோபு, யாப்போக்கு ஆற்றின் அருகே வேண்டுகிறான் (32:9-12, எபிரேயப் பதிப்பில் 10-13). கோல் ஒன்றோடு யோர்தானைக் கடந்தவன் இரு பரிவாரங்களோடு திரும்புகிறான். அவன் சொல்லும் வினை 'காத்தோந்தி': 'சிறியவனானேன்'. எவற்றை விடச் சிறியவன்? கடவுள் காட்டிய பேரன்புகள் அனைத்தையும் விட. இங்கும் அளவே பேசப்படுகிறது. கொடை ஒரு தட்டிலும் கொண்டவன் மறு தட்டிலும் நிற்க, கொண்டவனின் தட்டு மேலெழுகிறது. பழைய திருப்புதலோ இவ்விடத்தில் 'பாத்திரன்' அல்லாமையைச் சொல்கிறது. பாத்திரம் என்பது கொள்கலம்; அதன்வழி தகுதி. அளவு தகுதியாக மாறிவிட்டது. யாக்கோபு தன்னிடம் குற்றமோ குறையோ காண்பதாக மூலத்தில் அச்சொல் கூறவில்லை. பெற்றவை தன்னை விடப் பெரியவை என்பதே அவன் கூற்று. தகுதியின்மை என்றதும் வாசகர் மனம் பேசுவோனின் ஒழுக்கத்தை எடைபோடத் தொடங்கும். சிறுமை என்றால் கொடையைப் பார்க்கும்.

ஆக, ஒரே திருப்புதலில் 'யார்' என்னும் வினா அளவாகவும், அளவு தகுதியாகவும் பெயர்க்கப்பட்டுள்ளன. முதலாவது பேறு, இரண்டாவது இழப்பு. 'சிறியேன்' என்னும் தமிழ்ச்சொல் பக்தி மரபில் பெருவழக்காய் இருக்க, யாக்கோபின் வாயில் அது வராமற் போனது வியப்பே.

தாசனும் அடியானும்

வேண்டுதலின் பன்னிரண்டு வசனங்களில் 'உம் எவெத்' என்னும் தொடர் பத்து முறை வருகிறது. எவெத் என்பது அடிமை, பணியாள், அரசனின் அலுவலர் அனைவர்க்கும் பொதுச்சொல். 'நான்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'உம் எவெத்' என்று படர்க்கையில் சொல்வது எபிரேய மரியாதை. இதை வெறும் மரியாதை என்று தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் அதிகாரத்தின் முற்பகுதியில் உள்ளது. ஐந்தாம், எட்டாம் வசனங்களில் கடவுளே தாவீதை 'என் எவெத்' என்கிறார். மோசேக்கு வழங்கிய பட்டம் அது. எனவே தாவீது தன்னை அவ்வாறு அழைக்கும்போது, தாழ்வாக ஒரு சொல்லைத் தேடி எடுக்கவில்லை. தனக்கு அளிக்கப்பட்ட பெயரைத் திருப்பிச் சொல்கிறான். பணிவும் பட்டமும் ஒரே சொல்லில் உள்ளன.

பழைய திருப்புதலில் இச்சொல் இரண்டாகப் பிரிந்தது. கடவுளின் வாயில் 'தாசன்'. தாவீதின் வாயில் 'அடியான்'. இரண்டும் அழகிய சொற்களே. ஆயினும் வாக்கும் மறுமொழியும் ஒரே சொல்லால் கோக்கப்பட்டிருந்த நூல் அறுந்தது. திருவிவிலியம் பொதுவாக 'ஊழியன்' என்னும் சொல்லை விரும்புகிறது. அது இரு வாய்க்கும் பொருந்துவது. பட்டத்தின் பொருளையும் தாங்கக்கூடியது. ஆனால் ஊழியன் பணிவுச் சொல் அன்று; இன்றைய வழக்கில் ஊதியம் பெறுவோனின் நிழலும் அதன்மேல் விழுகிறது. தொடர்ச்சியைக் காத்த சொல் வெப்பத்தை இழந்தது. வெப்பத்தைக் காத்த சொற்கள் தொடர்ச்சியை இழந்தன. கடவுளின் வாயிலும் 'என் அடியான்' என்று அமைத்திருந்தால் இரண்டும் நின்றிருக்கும் எனத் தோன்றுகிறது. சைவ, வைணவ மரபுகளில் 'அடியார்' என்பது பணிவுச் சொல்லாகவே பிறந்து பெருமைப் பெயராக உயர்ந்த வரலாறு எபிரேயச் சொல்லின் வரலாற்றோடு ஒத்துச் செல்வது.

இலக்கண நுட்பம் ஒன்றும் குறிக்கத்தக்கது. 'அடியேன்' தன்மை வினைகொண்டு முடியும். 'அடியான்' படர்க்கை வினைகொண்டு முடியும். யாக்கோபின் வேண்டுதலில் அடியேன் என்றும், தாவீதின் வேண்டுதலில் அடியான் என்றும் பழைய திருப்புதல் வேறுபடுத்துகிறது. மூலத்தில் இரண்டிடத்தும் எவெத் ஒன்றே. தாவீதின் கூற்றில் படர்க்கையைக் காத்தது நன்று. தன் வீட்டின் வருங்காலத்தைக் கேட்கும் ஒருவன், தன்னையே சற்றுத் தொலைவில் நிறுத்திப் பார்க்கும் பார்வை அப்படர்க்கையில் உள்ளது.

வீடு, வாக்கு

'பயித்' என்னும் சொல் இவ்வதிகாரத்தில் பதினைந்து முறை வருகிறது. மாளிகை, கோயில், அரச மரபு ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். அதிகாரத்தின் திருப்பமே இப்பல்பொருளில் இருக்கிறது. பழைய திருப்புதல் பெரும்பாலும் 'வீடு' என்றே கொண்டு சொல்விளையாட்டைக் காத்தது. தமிழில் வீடு அரச மரபைக் குறிப்பது அரிது. விடுதலைப் பேற்றைக் குறிப்பதோ பெருவழக்கு. வாசகர் சற்றுத் தடுமாறினும் சொல் ஒன்றாய் இருப்பதால் திருப்பம் புலனாகிறது. தெளிவு கருதி ஓரிடத்தில் கோயில், ஓரிடத்தில் குடும்பம், ஓரிடத்தில் வம்சம் என்று பிரித்தால் தடுமாற்றம் நீங்கும், திருப்பமும் நீங்கும். 'குடி' என்னும் பழஞ்சொல் மரபையும் உறைவிடத்தையும் ஒருங்கே சுட்ட வல்லது என்றாலும் கடவுளின் கோயிலுக்கு அது ஒட்டாது.

இனி, 'வாக்குறுதி' என்பதற்கெனத் தனிப் பெயர்ச்சொல் எபிரேயத்தில் இல்லை என்பது மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாத செய்தி. கடவுள் 'சொன்னார்', அவ்வளவே. 'தாவார்' என்பது சொல். 'திபேர்' என்பது சொல்லுதல். சொன்னது சொன்னவரின் தன்மையால் உறுதியாகிறதே அன்றி வினையின் பொருளால் அன்று. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'எப்பாங்கெலியா' என்னும் தனிச்சொல் வந்தபின், அதன் வெளிச்சத்தில் பழைய ஏற்பாடும் பெயர்க்கப்பட்டது. பழைய திருப்புதல் இருபத்தொன்றாம் வசனத்தில் தாவாரையும், இருபத்தெட்டாம் வசனத்தில் திபேரையும் 'வாக்குத்தத்தம்' என்னும் சொல்லால் பெயர்க்கிறது.

இச்சொல்லை வடமொழி நடையென ஒதுக்குவோர் உண்டு. தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. நீர் வார்த்துக் கொடுக்கும் கொடைக்கும் அதுவே பெயர். ஆகவே வாக்குத்தத்தம் என்பது கொடையாகத் தரப்பட்ட சொல். திருவிவிலியத்தின் வாக்குறுதி தூய தமிழ். ஆனால் அதில் உறுதி உண்டு, கொடை இல்லை. தேர்தல் மேடையிலும் கடன் பத்திரத்திலும் வழங்கும் சொல் அது. கேளாமல் வந்த வாக்கின் முன் ஒருவன் சிறுத்து நிற்கும் இடத்தில், சொல்லுக்குள்ளேயே கொடை இருப்பது இழக்கத் தகாதது.

அவ்விருபத்தொன்றாம் வசனத்தில் பாட வேறுபாடு ஒன்றும் உண்டு. சாமுவேல் நூலின் எபிரேயப் பாடம் 'உம் சொல்லின் பொருட்டு' எனப் பொருள்படும் 'தெவாரெக்கா' என்று இருக்க, குறிப்பேடு முதல்நூலின் இணைப்பகுதி (17:19) 'அவ்தெக்கா' என்று, அதாவது 'உம் எவெத்தின் பொருட்டு' என்று, கொண்டுள்ளது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு சாமுவேலிலும் இரண்டாவதையே காட்டுகிறது. எபிரேய எழுத்தில் இரண்டும் எளிதில் மயங்கக் கூடியவை. இதை எழுத்து மயக்கம் என்று மட்டும் கொள்ளினும், பெருஞ்செயலின் காரணம் கொடுத்தவரின் சொல்லா, பெற்றவனா என்னும் கேள்வி அம்மயக்கத்துக்குள் இருக்கிறது. வேண்டுதலின் போக்கு முதற்பாடத்தையே வலியுறுத்துகிறது.

கேட்கும் துணிவு

இருபத்தைந்தாம் வசனத்தில் வேண்டுதல் திரும்புகிறது. 'இப்போது' என்னும் சொல்லோடு ஏவல் வினைகள் வரிசையாக வருகின்றன: நிலைநிறுத்து, சொன்னபடி செய். சிறியவன் ஆணையிடுவது போன்ற இத்துணிவுக்குக் காரணத்தை இருபத்தேழாம் வசனம் தருகிறது. வீடு கட்டுவதாகச் சொன்னீர். ஆதலால் உம் எவெத் தன் 'லேவ்' என்னும் நெஞ்சைக் கண்டெடுத்தான் என்பது மூலத்தின் தொடர். வாக்கு அவனைச் சிறியவனாக்கியது. அதே வாக்கே கேட்கும் நெஞ்சையும் அளித்தது. பழைய திருப்புதல் இதனை 'மனதைரியம்' என்று பெயர்த்து, 'கிடை' என்னும் வினையால், நான்காம் வேற்றுமை எழுவாய் போல் நிற்கும் தமிழ்த் தொடராக அமைத்தது. மூலத்தில் தேடிக் கண்டவன் தமிழில் பெற்றுக்கொண்டவனாகிறான். துணிவும் கொடையே என்னும் கருத்தைத் தமிழின் தொடரமைப்பு தானாகவே சேர்த்தது. மொழிபெயர்ப்பாளர் எண்ணிச் செய்தாரோ, மொழி செய்வித்ததோ அறிய இயலாது.

ஏவல்களில் நிலைமை வேறு. கேட்போனின் நிலையை வினையிலேயே காட்டுவது தமிழின் பழைய இயல்பு. ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றுகளாகத் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வியல்பின் வழியே பழைய திருப்புதல் 'அருள்' என்னும் துணைவினையைச் சேர்த்துச் 'செய்தருளும்' என்கிறது. மூலத்தில் இருபத்தைந்தாம் வசனத்தின் ஏவல்கள் எவ்வித மெருகும் இன்றி நிற்கின்றன. இறுதி வசனத்தில்தான் 'ஹோஏல்' என்னும் வினை முன்வருகிறது: 'மனம் இசைந்து' வாழ்த்து என்பது கருத்து. வெற்று ஏவலில் தொடங்கி, அத்துணிவின் உச்சியில் குரல் தாழ்ந்து முடியும் அசைவு இது. தமிழில் முதலிலிருந்தே அருள் வந்துவிட்டதால், இறுதியில் வரும் 'ஆசீர்வதித்தருளும்' புதிதாக எதையும் தாழ்த்தவில்லை. முன்னைய ஏவல்களை 'செய்யும்', 'நிலைநிறுத்தும்' எனத் துணைவினையின்றி விட்டு, அருளை இறுதி வசனத்திற்கென ஒதுக்கியிருந்தால் அசைவு தமிழிலும் கேட்டிருக்கும். 'நீர்' என்னும் முன்னிலையே மரியாதை காக்கப் போதுமானது.

குறிப்பேட்டு ஆசிரியர் இதே இறுதி வசனத்தைத் தம் நூலில் (17:27) எடுத்தாளும்போது ஹோஏலின் வடிவை மாற்றுகிறார். ஏவல் மறைகிறது, 'மனம் இசைந்தீர்' என்னும் முற்று வருகிறது. வேண்டுதல் வியப்பாக முடிகிறது. பழைய திருப்புதலும் அவ்விடத்தில் ஏவலை விட்டு இறந்தகால முற்றைக் கொள்கிறது. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் தமிழ் வாசகர்க்கு ஒரு விகுதி மாற்றம் மட்டுமே கண்ணில் படும்; கேட்டவன், தான் கேட்பதற்கு முன்னரே பெற்றுவிட்டதை உணரும் இடம் அந்த விகுதிக்குள் இருக்கிறது.